கண்ணை மூடி நட்ட மிளகாய்

மிளகாய் இல்லாமல் சாப்பிடத் தெரியாத ஒரு மனிதருக்கு வாழ்க்கைப்பட்டதால்தான் எனக்கு மிளகாய்ச் செடி வளர்க்கத் தெரியும். இதில் வேறு பெருமை ஒன்றும் இல்லை. விடிவதற்குள் ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குக் கிளம்பவேண்டும். கிளம்பும் முன் பழைய சோறும் கடித்துக்கொள்ள ஒரு பச்சை மிளகாயும் அவருக்கு வேண்டும். மிளகாய் இல்லையென்றால் துக்கம் விசாரிக்க வந்தவரைப் போலத் தட்டின் முன் உட்கார்ந்திருப்பார். கோபப்படமாட்டார். கோபப்பட்டாலாவது நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொள்வேன். அதற்கும் வழியில்லை.

நாங்கள் இருந்தது மலேசியாவின் ஜொகூரில், சிம்பாங் ரெங்கத்திலிருந்து யோங் பெங் போகும் பாதையில், உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில். தொழிலாளர் குடியிருப்பை லயம் என்போம். நீளமாக ஒரே கூரை, கீழே வரிசையாக வீடுகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். அந்தச் சுவரும் ஆள் உயரத்தோடு நின்றுவிடும்; அதற்கு மேல் கூரை வரைக்கும் திறந்தவெளிதான். ஆகவே இந்தக் கோடியில் ஒருத்தி கருவாடு வறுத்தால் அந்தக் கோடியில் இருப்பவள் அது என்ன கருவாடு என்று சொல்லிவிடுவாள். புருஷன் பெண்டாட்டி சண்டை போட்டால் யார் பக்கம் நியாயம் என்று மறுநாள் காலை பெரட்டில், பேர் கூப்பிடும்போதே, தீர்ப்பு வந்துவிடும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பதால் அந்தத் தீர்ப்புகள் பெரும்பாலும் எனக்கு எதிராகவே இருந்தன.

ரப்பர் விலை விழுந்து வேலை நாட்கள் குறைந்திருந்த சமயம் அது. லயத்துக்குப் பின்னால் இருந்த நிலத்தில் ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக் காய்கறி போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். எல்லாரும் மரவள்ளியும் கீரையும் போட்டார்கள். நான் மிளகாய் போட்டேன். கடையில் வாங்கிய காய்ந்த மிளகாயை உடைத்து விதையை உதிர்த்துத் தூவினேன். முதலில் எறும்பு இழுத்துக்கொண்டு போனது. அடுத்து கோழி கிளறியது. அப்புறம் ஒரு மழை வந்து, முளைத்த கொஞ்சத்தையும் மண்ணோடு வழித்துக் கால்வாயில் போட்டது. ஜொகூர் மழைக்கு மிளகாய்ச் செடியோடு என்ன பகை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த வீட்டு அக்கா அன்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைவிடச் சில வயது மூத்தவள். ஒல்லியாக, உயரமாக இருப்பாள். கல்யாணமாகி நாளாகியும் குழந்தை இல்லை. அவள் புருஷன் புல்வெட்டுக் கும்பலில் வேலை பார்த்தார். அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

“ஏன் புள்ள, மொளகா வெதய சாமிக்குப் பூ தூவுற மாதிரி தூவிட்டு, கோழிய ஏன் திட்டுற?” என்றாள்.

“சிரிக்கிறதுக்கா வந்தீங்க? வந்து நட்டுத்தான் குடுங்களேன்.”

அவள் வேலியைத் தாண்டி வந்தாள். பால் மரத்தில் கட்டும் கோப்பையை நாங்கள் மங்கு என்போம். விளிம்பு உடைந்த மங்குகள் குப்பையில் கிடக்கும். அவற்றில் சலித்த மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்து போட்டு, விதைக்கு மேல் ஒரு கிள்ளு மண் தூவி, என் வீட்டு அடுப்படியில் கொண்டுவந்து அடுக்கிவிட்டாள். நாற்று நாலு இலை விட்டதும் மேடு கட்டி, இரண்டு பக்கமும் தண்ணீர் ஓட வழி வெட்டி, அதில் நட்டாள். நான் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி ஊற்றி வளர்த்தேன். செடி முழங்கால் உயரம் வந்தபோது ஒரு நாள் வந்து அதன் நுனியை நறுக்கென்று கிள்ளிப் போட்டுவிட்டாள். நான் போட்ட கூச்சல் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீடு வரைக்கும் கேட்டிருக்கும்.

“கத்தாத. கிள்ளுனாத்தான் பக்கத்துல கெளைக்கும்” என்றாள். கிளைத்தது. இலையில் பேன் விழுந்தபோது சுருட்டுத் துண்டுகளை ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைத் தெளித்தோம். சுருட்டெல்லாம் எங்கே போகிறது என்று என் வீட்டுக்காரர் கொஞ்ச நாள் தேடினார். பிறகு தட்டில் மிளகாய் வரத் தொடங்கியதும் தேடுவதை விட்டுவிட்டார்.

அக்காவுக்குக் கைராசி என்று லயமே சொல்லும். அவள் ஊன்றினால் குச்சியும் துளிர்க்கும். மலாய்க்காரர்களின் கிராமமான கம்பத்தில் இருந்த ஒரு அம்மாவிடம் ஒரு பிடி கீரை கொடுத்து வாங்கிய ஊசி மிளகாய் அவள் வேலியோரம் புதராக நின்றது. விரல் நகம் அளவுதான் இருக்கும். ஒன்றைக் கடித்தால் காது அடைத்துக்கொள்ளும். கொண்டைக்குருவிகள் மட்டும் அதை அவல் பொரி போலத் தின்றுவிட்டுப் போகும். அக்கா அவற்றை விரட்டமாட்டாள். அவற்றைப் பார்த்து ஆச்சரியப்படுவாள்.

ஆச்சரியப்படுவதுதான் அவளுடைய வழக்கம். எது பிடித்துப்போனாலும் கன்னத்தில் கைவைத்து “அடேயப்பா!” என்பாள். நல்ல பூசணிக்காய்க்கு ஒரு அடேயப்பா, நான் புதுச் சேலை கட்டினால் ஒரு அடேயப்பா, யார் வீட்டுக் குழந்தையாவது தத்தி நடந்தால் அதற்கு ஒன்று. மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாதவள். வினை அங்கேதான் வந்தது.

எங்கள் லயத்துக்குக் கங்காணி வீட்டம்மாதான் எல்லாம். யார் வீட்டில் பிரசவம் என்றாலும் அவர்தான் வருவார். யார் தண்ணீர்க் குழாயில் முதலில் பிடிப்பது, எந்தப் பெண்ணை எந்தப் பையனுக்குக் கேட்பது, எல்லாம் அவர் வாயிலிருந்து வரவேண்டும். கெட்டவர் இல்லை. தனக்குத் தெரியாதது உலகத்தில் இல்லை என்று நினைப்பவர், அவ்வளவுதான். அவர் வீட்டு வாசலில் ஒரு மிளகாய்ச் செடி. அதற்குக் குச்சி நட்டு, கயிறு கட்டி, அன்றன்று போட்ட சாணியை ஆவி பறக்க அப்படியே வேரில் கொட்டுவார். ஒரு தடவை அது நன்றாகவும் காய்த்துவிட்டது. அக்கா அந்தப் பக்கம் போனவள் நின்று, கன்னத்தில் கைவைத்து, “அடேயப்பா! எல தெரியாம காச்சிருக்கே!” என்றாள்.

அந்த வாரத்திலேயே செடி இலை சுருண்டு, பூ உதிர்ந்து, குந்திக்கொண்டுவிட்டது. பச்சைச் சாணியை வேரில் கொட்டினால் எந்தச் செடிதான் தாங்கும்? ஆனால் கங்காணி வீட்டம்மா தன் சாணியைக் குற்றம் சொல்வாரா? “கண்ணு பட்டிருச்சு. வயித்துல புள்ள தங்காதவ கண்ணு” என்றார். இந்த வார்த்தை பலகைச் சுவர்களுக்கு மேலாகவே ஒவ்வொரு வீடாகப் போய்ச் சேர்ந்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பட்டுப்போன செடிக்குப் பதில் கங்காணி வீட்டம்மா வேறு வேறு ஆட்களை வைத்து நாற்று நட்டுப் பார்த்தார். ஒன்றும் பிடிக்கவில்லை. அக்காவின் கை இல்லாமல் முடியாது. அக்காவின் கண் ஆகாது. அந்த அம்மா நன்றாக யோசித்திருக்கவேண்டும். ஒரு நாள் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். நாற்று மங்குகளை ஏந்திக்கொண்டு நானும் கூடப் போனேன்.

“நீயே நட்டுக் குடுத்துட்டுப் போ. ஆனா ஒண்ணு. கண்ண மூடிக்க.”

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தன் முந்தானையை எடுத்து அக்காவின் கண்களுக்கு மேல் போட்டு, பின்னால் நின்று இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அக்கா குழியை விரலால் தடவிப் பார்த்து, நாற்றை இறக்கி, மண்ணை அணைத்து, உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்திவிட்டு எழுந்தாள். நாற்று பிடித்துக்கொண்டது. பிடிக்காமல் போயிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பிறகு லயம் முழுக்க அதுவே முறையாகிவிட்டது. மிளகாய், கத்தரி, எது நடுவதானாலும் அக்காவைக் கூப்பிடுவார்கள், கையில் ஒரு துணியோடு வருவார்கள். ஒருத்தி மஞ்சளில் நனைத்த துணி கொண்டுவந்தாள். இன்னொருத்தி துணி எதற்கு வீணாக என்று, அக்காவைத் திரும்பி உட்காரவைத்துக் கையைப் பின்னால் விட்டு நடச் சொன்னாள். அப்படி நட்டதில் ஒரு நாற்று தலைகீழாகப் போய், வேர் மேலே நின்றது. அதுவும் கண் வேலைதான் என்று சொல்லிவிடுவார்களோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவேளை, நடச் சொன்னவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எனக்குத்தான் ஆறவில்லை. “கை மட்டும் வேணும், கண்ணு வேணாம்னா, கையக் கழட்டிக் குடுத்துட்டு நீங்க வீட்லயே இருங்கக்கா” என்றேன்.

“நல்லாத்தான் இருக்கு புள்ள. கண்ணுல மண்ணு விழாது” என்று அவள் சிரித்தாள். அவள் சிரித்ததால் நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் காலை வேலியோரம் நின்று, வேலிக் கம்பைப் பார்த்தபடி, “ஒஞ் செடி பூத்திருக்கா?” என்று கேட்டாள்.

“இந்தா இருக்கே, பாருங்களேன்.”

“நீயே சொல்லு புள்ள” என்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊர் சொன்னதை அவளே நம்பத் தொடங்கிவிட்டாள். அதற்கப்புறம் கவனித்தேன், அடேயப்பாவையும் காணோம். எந்தச் செடிக்கும், எந்தக் குழந்தைக்கும் இல்லை. எனக்கு வயிற்றில் குழந்தை தங்கியிருந்த சமயம் அது. எனக்கு வாய்க்குப் பிடிக்கும் என்று ஊசி மிளகாயை உப்பிலும் எலுமிச்சைச் சாற்றிலும் ஊறப்போட்டுச் சுவருக்கு மேலாகக் கொடுப்பாள். கை மட்டும் வரும், முகம் வராது. எனக்கு அழுகையாக வந்தது. எனக்கு அழுகை வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அவளைக் கண்டபடி திட்டுவேன். அவள் அந்தப் பக்கம் நின்று, “காரத்தக் கொறச்சுச் சாப்புடு, வயித்துப் புள்ளைக்கு ஆகாது” என்பாள்.

பெண் குழந்தை பிறந்தது. கங்காணி வீட்டம்மாதான் வந்து பிரசவம் பார்த்தார். குறை சொல்லமுடியாது, கைதேர்ந்தவர். குழந்தையைத் துடைத்து என் பக்கத்தில் போட்டுவிட்டு, “அடுத்த வீட்டுக்காரி கண்ணுல காட்டிராத” என்றும் சொல்லிவிட்டுப் போனார். என் குழந்தையை முதலில் யார் கையில் கொடுக்கவேண்டும் என்று அது வயிற்றில் இருக்கும்போதே நான் முடிவு செய்து வைத்திருந்தேன். அக்காவோ நான் கூப்பிடக் கூப்பிட வரவில்லை. “அப்புறமா வர்றேன், நீ தூங்கு” என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்லிவிடுவாள்.

குழந்தை பகலெல்லாம் சமர்த்தாக இருக்கும். சாயங்காலம் விளக்கு ஏற்றும் நேரத்தில் தொடங்கி வீறிட்டு அழும். லயத்தில் ஒருவரும் பேசிக்கொள்ள முடியாது. கங்காணி வீட்டம்மா வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுத்திப்போட வந்தார். கடையில் வாங்கிய காய்ந்த மிளகாய், உப்பு, கடுகு, தெருமண், எல்லாவற்றையும் கையில் மூடிக்கொண்டு குழந்தையைச் சுற்றினார். அடுப்பில் காய்ந்த ரப்பர்க் கட்டை திகுதிகுவென்று எரிந்துகொண்டிருந்தது. அதில் போட்டார். எல்லாரும் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றோம். மிளகாய் எரிந்தும் நெடி வராவிட்டால் கண் பட்டிருக்கிறது என்று அர்த்தம். நெடி வந்தால் கண்ணே இல்லை. அதுதான் கணக்கு.

நெடி வரவில்லை.

“பாத்தியா? ஒரு பொட்டு நெடி இல்ல” என்று சொல்லிவிட்டுக் கங்காணி வீட்டம்மா பலகைச் சுவரைப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனது.

மறுநாள் அக்கா சுவருக்கு மேலாகவே சொன்னாள். “செனாய்ப் பக்கம் ஒரு தோட்டத்துல ஆளு கேக்குறாங்களாம். இந்த மாசம் முடிஞ்சதும் நாங்க போறோம் புள்ள. எம் மொளகாச் செடிக்குத் தண்ணி ஊத்து.”

“எதுக்குப் போறீங்க? எம் புள்ளைய நீங்க பாக்கவே இல்லியே, அப்புறம் எங்கேர்ந்து கண்ணு படும்?”

“அழுற சத்தத்தக் கேட்டேன்ல. மனசுல நெனச்சுப் பாத்தேன்” என்றாள்.

இனி என் பேச்சு எதுவும் அவளுக்கு ஏறாது. கங்காணி வீட்டம்மாவின் வாயால்தான் அவளுக்கு விடுதலை வரவேண்டும்.

அன்று துவையலுக்கு வாணலியில் மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன். வாணலிக்கு அடியில் தீ தணிந்து தணல்தான் இருந்தது. வழக்கம்போல இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இருமத் தொடங்கினார்கள், “யாரு வீட்ல மொளகா வறுக்குறது?” என்று ஒரு குரல் திட்டியது. அப்போது ஒரு மிளகாய் வாணலியிலிருந்து தெறித்து அடுப்புக்குள் விழுந்தது. அங்கே ஓரத்தில் ஒரு கட்டை மட்டும் இன்னும் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. மிளகாய் புஸ்ஸென்று கரியாகிவிட்டது. அதிலிருந்து ஒரு நெடியும் வரவில்லை. நான் கரண்டியைக் கையில் பிடித்தபடி அந்தக் கரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நெடி வருவது தணலில்தான், கொழுந்துத் தீயில் இல்லை; இத்தனை வருஷம் துவையல் அரைத்தும் இது எனக்குத் தோன்றவில்லையே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

ஓடிப்போய்க் கங்காணி வீட்டம்மாவிடம் சொல்லலாம்தான். “உனக்கென்ன தெரியும்” என்று ஒரே வார்த்தையில் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் சொல்லவில்லை. “புள்ள இன்னும் அழுகுது, ஞாயித்துக்கெழம வந்து இன்னொரு தடவ சுத்திப்போடுங்கம்மா” என்று பணிவாகக் கூப்பிட்டேன். என் பணிவைப் பார்த்து அவருக்கே கொஞ்சம் சந்தேகம் வந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் ரப்பர்க் கட்டைகளைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்ததை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

“எரிக்கிற கட்டைய யாராச்சும் ஊறப்போடுவாங்களா?”

“உங்களுக்கு நாளைக்கும் சோத்துக்கு மொளகா வேணுமா, வேணாமா?”

“வேணும்.”

“அப்ப பேசாம இருங்க.”

அவர் பேசாமல் இருந்தார். அந்த ஒரு விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

சாயங்காலம் கங்காணி வீட்டம்மா வந்தார். ஈரக் கட்டைக்கு மேல் தேங்காய் மட்டையை வைத்து, அடியில் தணலை மட்டும் உயிரோடு வைத்திருந்தேன். “என்ன புள்ள, அடுப்பு இப்படி மூட்டம் போடுது?” என்றார்.

“மழைக் காலம்லம்மா, கட்டையெல்லாம் ஈரம். கடை மொளகாயும் தீந்துபோச்சு. இந்த ஊசி மொளகாதான் இருக்கு.”

அது அக்கா செடியில் பறித்துக் காயவைத்தது. என் வீட்டில் இருந்தது முழுவதையும் ஒரு கொட்டாங்கச்சி நிறைய எடுத்து வைத்திருந்தேன். அவர் ஒரு பிடி அள்ளிக்கொண்டார். அது போதாது என்று இன்னும் கொஞ்சத்தை நானே அவர் கையில் திணித்தேன். பிறகு பலகைச் சுவருக்கு மேலே எல்லா வீட்டுக்கும் கேட்கும்படி, என் தொண்டையில் இருந்ததெல்லாம் போட்டுக் கேட்டேன்.

“ஏம்மா, போன தடவ நெடி வரல, அக்கா கண்ணுன்னு சொன்னீங்க. இந்தத் தடவ வந்துச்சுன்னா?”

“வந்துச்சுன்னா யாரு கண்ணும் இல்ல. அதான் மொற.”

“அப்ப அக்கா எம் புள்ளையத் தூக்கலாமா?”

அவர் கொஞ்சம் தயங்கினார். லயமே காதைத் தீட்டிக்கொண்டு இருப்பது அவருக்கும் தெரியும். “நெடி வரட்டும், தாராளமாத் தூக்கட்டும்” என்றார், போன வெள்ளிக்கிழமை கொடுத்த தைரியத்தில்.

சுற்றி முடித்ததும் குழந்தையை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து, லயத்தைவிட்டுத் தள்ளி, காற்று வரும் பக்கத்தில் மரத்தடியில் போய் நிற்கச் சொன்னேன். கங்காணி வீட்டம்மா கையில் இருந்ததை அடுப்பில் போட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். ஒருவேளை உண்மையிலேயே கண்ணுதானோ என்று எனக்கே ஒரு நினைப்பு வந்துபோனது. அப்படி நினைத்ததற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன்.

அப்புறம் வந்தது பாருங்கள்!

முதல் தும்மல் கங்காணி வீட்டம்மாவுடையது. புகை எழுந்து சுவரின் மேல்விளிம்பைத் தொட்டது. ஒரு வீட்டை நிறைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு வழிந்தது. வரிசைப்படி இருமல் கேட்டது. எந்த வீடு வரைக்கும் போயிருக்கிறது என்று இருமலை வைத்தே சொல்லிவிடலாம். பானைகள் உருண்டன, கதவுகள் திறந்தன. லயத்தில் இருந்த அத்தனை பேரும் வாசலுக்கு ஓடிவந்தார்கள். சைக்கிளில் போய்க்கொண்டிருந்த கிராணி இறங்கி, வேலியைப் பிடித்துக்கொண்டு தும்மினார். அக்காவின் புருஷன், “ஐயோ, யார்றா அது!” என்று கத்தினார். அவர் குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன், நல்ல குரல். ஒரு நாய் எங்களையெல்லாம் வெறுப்போடு பார்த்துவிட்டு ரப்பர்க் காட்டுக்குள் போய்விட்டது.

நானும் சாகக் கிடந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். கண்ணைத் திறக்க முடியவில்லை. முந்தானையால் துடைத்துக்கொண்டு ஒரு கீற்றுப் பார்த்தபோது, வாசலில் நின்ற யாருமே கண்ணைத் திறக்கவில்லை. அத்தனை பேரும் கண்ணை இறுக மூடி, கன்னத்தில் தண்ணீர் வழிய நின்றார்கள். கங்காணி வீட்டம்மா எல்லாருக்கும் நடுவில் தூணைப் பிடித்தபடி நின்றார். அவர்களுக்கு நடுவில் அக்காவும் கண்ணை மூடி நின்றாள். எனக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் இன்னும் கூடியது.

“வந்துருச்சு, வந்துருச்சு! நெடி வந்துருச்சு! அடுப்புல தண்ணிய ஊத்துங்கடி!” என்று யாரோ கத்தினார்கள். ஊற்றிவிட்டு வந்தேன்.

காற்று அடித்துப் புகை கொஞ்சம் கலைந்தது. கங்காணி வீட்டம்மா முகத்தைத் துடைத்தார். ஏதாவது சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார், ஈரக் கட்டையைச் சொல்வார், ஊசி மிளகாயைச் சொல்வார் என்று நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் இருமி முடித்துவிட்டு, “கொழந்தைய அவகிட்டக் குடு புள்ள. நெடி வந்தா வந்ததுதான்” என்றார். அந்த நிமிஷம் அந்த அம்மாவை எனக்கு நிஜமாகவே பிடித்துப்போனது.

மரத்தடிக்கு ஓடினேன். குழந்தை அழவில்லை. காற்றாட நின்றது பிடித்திருக்கவேண்டும். விழித்துக்கொண்டு அப்பா தோளுக்கு மேல் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. தூக்கிக்கொண்டு அக்காவிடம் வந்தேன்.

“கையெல்லாம் மொளகா புள்ள. பறிச்சிட்டு இருந்தேன்” என்று பின்னால் போனாள்.

“கழுவிட்டு வாங்க.”

தொட்டியடிக்குப் போய்க் கழுவினாள். சாம்பல் தேய்த்துக் கழுவினாள். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினாள். லயமே காத்துக்கொண்டு நின்றது. கடைசியில் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நீட்டினாள். குழந்தையை அந்தக் கைகளில் வைத்தேன். நாற்றை வாங்குவது போல, வேர் அசையாமல், அப்படியே வாங்கிக்கொண்டாள்.

வாங்கும்போதே கண்ணை மூடிக்கொண்டாள்.

யாரும் சொல்லவில்லை. யாரும் முந்தானையைப் போடவில்லை.

“கண்ணத் தொறங்கக்கா.”

“எரியுது புள்ள.”

புகை எப்போதோ போய்விட்டிருந்தது. மற்றவர்கள் எல்லாரும் திறந்துவிட்டார்கள். “எரிஞ்சாலும் தொறங்க” என்றேன்.

ஒரு கண்ணை மட்டும், கொஞ்சமாகத் திறந்தாள். குழந்தை அவளையே பார்த்தது. அவள் உதடு பிரிந்தது. உடனே கங்காணி வீட்டம்மா பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டாள். எனக்கு வந்ததே கோபம்!

“சொல்லுங்க!” என்று கத்தினேன். குழந்தை திடுக்கிட்டது.

அக்கா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். “அடேயப்பா!” என்றாள், லயத்தின் அந்தக் கோடி வரைக்கும் கேட்கும்படி. “அடேயப்பா, எம்மாம் முடி!”

அப்புறம்தான் இன்னொரு கண்ணையும் திறந்தாள்.